கூடுள்ள கித்தார்: வாங்குவதும் சுவைப்பதும்



பள்ளியில் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லாரும் கலைகிற நேரத்தில், ஒரு தகப்பனார் மட்டும் தயங்கித் தயங்கி நிற்பார். "சார், பையன் கித்தார் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். வாங்கிக் குடுக்கலாமா? எதை வாங்குறது?" என்று கேட்பார். சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டங்களில் இந்தக் கேள்வியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று அதற்கு விடை காண முயல்வோம்.

முதலில் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் பழைய மாணவன் ஒருவனுக்குக் கித்தார் ஆசை வந்தது. தகப்பனார் பால்வெட்டுத் தொழிலாளி. தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குபவர். மகன் கெட்ட வழியில் போகாமல் இசையில் ஈடுபட்டால் போதும் என்று எண்ணி, பட்டணத்துக் கடை ஒன்றில் பன்னிரண்டு மாதத் தவணைக்குக் கித்தார் எடுத்துக் கொடுத்தார்கள். கண்ணைப் பறிக்கும் சிவப்பு நிறம். கட்டை போன்ற கெட்டியான உடல். கூடவே பெரிய ஒலிபெருக்கி. மூன்றாவது மாதம் அந்தக் கித்தார் அலமாரியின் மேல் ஏறிவிட்டது. தவணையோ இன்னும் ஒன்பது மாதம் மிச்சம் இருந்தது.

பையன் சோம்பேறி என்று ஊரார் சொன்னார்கள். நாம் விசாரித்தபோது உண்மை வேறாக இருந்தது. கித்தார் நாலு கிலோவுக்கு மேல் கனம். அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு நின்றால் தோள் வலித்தது. ஒலிபெருக்கியில் இணைக்காவிட்டால் அதன் ஓசை பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. இணைத்தாலோ லயத்தில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் தட்டினார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மரத்தடிக்குப் போகிறவர்கள் எட்டு மணிக்கே படுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? ஆகவே, தவறு பையனிடத்தில் இல்லை. வாங்கிய முறையில்தான் இருந்தது.

இங்கேதான் கூடுள்ள மின்சாரக் கித்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீணையின் குடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். பலாமரத்தைக் குடைந்து உள்ளே வெறுமையாக்கி, மேலே பலகையால் மூடுகிறார்கள். தந்தி அதிர்ந்தால் பலகை அதிர்கிறது, குடத்திற்குள் இருக்கும் காற்றும் அதிர்கிறது, ஓசை பெரிதாகிறது. நம் இளைஞர்கள் முழக்கும் உருமி மேளத்திலும் உள்ளே இருப்பது வெறுமைதான். கூடுள்ள கித்தாரும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. மெல்லிய பலகைகளை ஒட்டி வளைத்து ஒரு பெட்டி செய்து, மேற்பலகையில் வயலினில் உள்ளதைப் போல இரண்டு வளைந்த துளைகள் வெட்டியிருப்பார்கள்.

அப்படியானால் மின்சாரம் எங்கே வருகிறது? தந்திகளுக்கு அடியில் பிக்கப் என்ற சிறு கருவி இருக்கிறது. அது காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகளாக மெல்லிய செப்புக் கம்பி சுற்றப்பட்டது. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. அந்த மாற்றம் செப்புக் கம்பியில் மிகச் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த தத்துவமே இது. அந்தச் சிறு மின்னோட்டத்தை ஒலிபெருக்கி பெரிதாக்கித் தருகிறது.

இந்தக் கித்தார் பிறந்த காரணமும் சுவையானது. அமெரிக்காவில் பெரிய இசைக்குழுக்களில் எக்காளங்களுக்கும் முரசுகளுக்கும் நடுவே கித்தாரின் ஓசை அமுங்கிப்போனது. ஆகவே கிப்சன் நிறுவனம் 1936-இல் கூடுள்ள கித்தாரில் பிக்கப் பொருத்தி, இஎஸ் 150 என்ற பெயரில் வெளியிட்டது. சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் அதை வாசித்து, கித்தாரும் தனித்து நின்று பேச முடியும் என்று காட்டினார். அவர் 1942-இல் தமது 25-ஆவது வயதிலேயே மறைந்தார். அவர் காட்டிய வழி நிலைத்துவிட்டது.

1958-இல் அதே நிறுவனம் இஎஸ் 335 என்ற கித்தாரைச் செய்தது. இதன் நடுவில் கெட்டியான மரக்கட்டை ஓடும். இரு பக்கங்கள் மட்டும் கூடாக இருக்கும். இதனை அரைக்கூடு என்று சொல்லலாம். 1961-இல் வந்த எபிஃபோன் கசினோவோ முழுக்கூடு. நடுக்கட்டை இல்லாததால் அதன் எடை ஏறத்தாழ மூன்று கிலோதான். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, ஜான் லெனன், ஜார்ஜ் ஹாரிசன் மூவரும் அதை வைத்திருந்தார்கள். 1969 ஜனவரியில் லண்டனில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் அந்தக் குழு நடத்திய இசை நிகழ்ச்சியில் லெனன் கையில் இருந்தது கசினோதான்.

பி.பி. கிங் என்ற கலைஞரைத் தோட்டத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அவரும் தோட்டத்துப் பிள்ளையே. 1925-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தித் தோட்டத்தில் பிறந்து, பருத்தி பறித்து, டிராக்டர் ஓட்டி வளர்ந்தவர். 1949-இல் அவர் வாசித்துக்கொண்டிருந்த நடனக் கூடத்தில் இருவர் சண்டையிட்டு நெருப்புப் பற்றியது. வெளியே ஓடி வந்தவர், கித்தார் உள்ளே இருப்பதை நினைத்து மறுபடியும் நெருப்புக்குள் ஓடி அதை மீட்டார். லூசில் என்ற பெண்ணின் பொருட்டு அந்தச் சண்டை மூண்டது என்று பின்னர் அறிந்தார். இனி இப்படிப்பட்ட மடமையைச் செய்யக்கூடாது என்று தமக்கே நினைவூட்ட, தம் கித்தாருக்கு லூசில் என்று பெயரிட்டார். பிற்காலத்தில் அவர் லூசில் என்று அழைத்தவை கிப்சனின் அரைக்கூடு கித்தார்களே. 2015-இல் 89-ஆவது வயதில் மறையும் வரை அந்தப் பெயர் அவரோடு இருந்தது.

சரி, நம் வீட்டுக்கு இதனால் என்ன பயன்? முதலாவது, கனம் குறைவு. காண்டாக் கம்பில் பால் வாளிகளைச் சுமந்த தோள்களுக்குக் கனத்தின் அருமை தெரியும். ஒரு கிலோ வேறுபாடு முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாது. ஒரு மணி நேரத்தில் தெரியும். இரண்டாவது, கூட்டின் உதவியால் ஒலிபெருக்கி இல்லாமலே வாசிப்பவர் காதுக்கு ஓசை கேட்கும். பக்கத்து வீட்டாரை எழுப்பாது. இரவில் தந்தி மீட்டிப் பழக இதைவிட வேறென்ன வேண்டும்? மூன்றாவது, ஒலிபெருக்கியை முதல் நாளே வாங்க வேண்டியதில்லை. ஆறு மாதம் பழகிவிட்டு, ஆர்வம் நிலைத்த பிறகு வாங்கலாம். தவணைச் சுமை பாதியாகும்.

குறையையும் மறைக்கக் கூடாது. கோயில் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு எதிரே பிடித்தால் 'கூ' என்று ஊளையிடும் அல்லவா? கூடுள்ள கித்தாரும், ஒலியை மிக உயர்த்தினால் அப்படியே ஊளையிடும். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை கூட்டை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு மறுபடியும் ஒலிபெருக்கிக்குப் போகிறது. 1980-இல் பி.பி. கிங்கின் பெயரால் செய்த லூசில் கித்தாரில் வளைந்த துளைகளை அடைத்துவிட்டதற்கு இதுவே காரணம். உங்கள் பிள்ளை பெரிய மேடையில் பேரோசை வாசிக்க விரும்பினால் அரைக்கூடு கித்தார் நல்லது. வீட்டிலும், பஜனையிலும், சிறிய நிகழ்ச்சியிலும் வாசிக்க முழுக்கூடு போதும்.

இனி, கடைக்குப் போவோம். 2025 பிப்ரவரியில் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று உயர்த்தப்பட்டது. கூடுள்ள கித்தார் பல ஆயிரம் வெள்ளிக்கும் உண்டு. ஒரு மாதச் சம்பளத்திற்குக் குறைவாகவும் உண்டு. ஜப்பானின் ஐபனெஸ் நிறுவனம் 2002-இல் ஆர்ட்கோர் என்ற வரிசையைக் கொண்டுவந்த பிறகு, எளிய விலையில் இந்த வகை கிடைப்பது பெருகியது. ஆனாலும் பெயரைப் பார்த்தோ படத்தைப் பார்த்தோ வாங்காதீர்கள். பிள்ளையை உடன் அழைத்துப் போங்கள். வாசிக்கப் போகிற தோள் அவனுடையது, விரல் அவனுடையது. மகளுக்கு ஆசை இருந்தால் மகளையும் அழைத்துப் போங்கள். தந்திக்கு ஆண் பெண் வேற்றுமை இல்லை.

கடையில் கித்தாரைத் தோளில் மாட்டி, இரு கைகளையும் விட்டுவிடச் சொல்லுங்கள். கூடு இலேசாக இருப்பதால் சில கித்தார்களில் கழுத்துப் பக்கம் தாழ்ந்துவிடும். அப்படித் தாழ்ந்தால் இடக்கை எப்போதும் அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்து, வீணையில் மெட்டு என்கிறோமே, அதுபோல் கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகளின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், கீறக்கூடாது. தந்தி பட்டைகளுக்கு மேல் மிக உயரமாக இருந்தால் அழுத்துவது கடினம், விரல் புண்ணாகும். அதைத் தாழ்த்தித் தரச் சொல்லலாம். மெல்லிய தந்தி 0.010 அங்குலக் கனத்தில் இருந்தால் தொடக்கத்திற்கு எளிது.

பிறகு ஒலிபெருக்கியில் இணைக்காமல் ஒவ்வொரு தந்தியாக, ஒவ்வொரு பட்டையிலும் அழுத்தி மீட்டச் சொல்லுங்கள். எங்காவது 'கிர்' என்ற நடுக்கம் கேட்கிறதா என்று கவனியுங்கள். இதில் நாமே ஏமாந்திருக்கிறோம். ஒரு முறை பட்டணத்தில் பழைய கூடுள்ள கித்தார் ஒன்றை, வார்னிஷின் பளபளப்பில் மயங்கி வாங்கிவிட்டோம். வீட்டுக்கு வந்து மீட்டினால் குளவி கூட்டுக்குள் இருப்பதைப் போல ஓர் இரைச்சல். கைவிளக்கைத் துளை வழியே காட்டிப் பார்த்தபோது, உள்ளே தாங்கு கட்டை ஒன்று பசை விட்டு ஆடிக்கொண்டிருந்தது. பழுது பார்க்க, கொடுத்த விலையில் பாதி செலவாயிற்று. கைவிளக்கைக் கடைக்கே கொண்டுபோயிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். ஆகவே நேயர்களே, பழைய கித்தார் வாங்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு கைவிளக்கு இருக்கட்டும்.

வாங்கியதைக் காப்பதும் கடமை. நம் காற்றில் ஈரம் மிகுதி. வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடையுங்கள், துரு ஏறாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கித்தாரை விட்டுப் போகாதீர்கள். வெப்பத்தில் பசை இளகும். கெடாவில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும் வறண்ட மாதங்களில் கழுத்து சற்று வளையலாம்; தந்தி பட்டையில் உரசினால் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலான ஓர் எச்சரிக்கை. ஒலிபெருக்கி வாங்கினால் மூன்று முள் பிளக்கோடு, நில இணைப்பு உள்ள சாக்கெட்டில் மட்டுமே இணையுங்கள். ஒரு முள்ளை உடைத்துவிட்டோ, தோல் உரிந்த கம்பியைச் செருகியோ ஓட்டாதீர்கள். 1972 மே மாதம் பிரிட்டனில் சுவான்சி நகர மேடையில், லெஸ்லி ஹார்வி என்ற கித்தார் கலைஞர் நில இணைப்பு இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி மாண்டார். கோயில் திடலில் மழை ஈரத்தில் வெறுங்காலோடு நின்று வாசிக்கும் நம் பிள்ளைகள் இதை மறக்கவே கூடாது.

வாங்குவது ஒரு நாள் வேலை. சுவைப்பது வாழ்நாள் வேலை. கூடுள்ள கித்தாரின் நாதத்தை எப்படி அறிவது? ஒரு தந்தியை மெதுவாக மீட்டுங்கள். ஓசை உருண்டு மலர்ந்து, விரைவில் அடங்கும். கெட்டி உடல் கித்தாரிலோ ஓசை நெடுநேரம் நீளும். இரண்டும் அழகே, முன்னது பேச்சைப் போன்றது, பின்னது இழுத்துப் பாடும் குரலைப் போன்றது. 1982-இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் இளையராஜா அமைத்த 'இளைய நிலா' பாடலை, வரிகளை விட்டுவிட்டுக் கித்தாரை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். பினாங்கில் தோன்றிய அல்லீகேட்ஸ் குழுவின் மலாய்ப் பாடல்களையும் கேளுங்கள். லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற சகோதரர்கள் நம் நாட்டு மக்கள் அனைவரின் அன்பையும் பெற்றது அந்தக் குழுவில்தான். கேட்கத் தெரிந்த காதுதான் முதல் வாத்தியம். அதற்குத் தவணை கிடையாது.

தொடக்கத்தில் சொன்ன மாணவனை மறந்துவிடவில்லை. ஒரு மாலை அவன் நம் வீட்டுக்கு வந்தபோது, பழுது பார்த்த அந்தக் கூடுள்ள கித்தாரை எடுத்து மடியில் வைத்தான். "இதுல கனமே இல்லையே, சார்" என்றான். மறுநாளும் வந்தான்; ஒரு மாதம் வந்தான். பிறகு சிவப்புக் கித்தாரையும் ஒலிபெருக்கியையும் விற்று, மீதித் தவணையை அடைத்து, மிஞ்சியதில் பழைய கூடுள்ள கித்தார் ஒன்றை வாங்கினான். கடைக்கு நாமும் போனோம், கைவிளக்கோடு. இப்போது வெள்ளிக்கிழமை பஜனையில் அவன்தான் கித்தார் வாசிக்கிறான்.

அவன் தகப்பனாரைச் சில நாட்களுக்கு முன் கண்டோம். "பையன் இப்பவும் வாசிக்கிறானா?" என்று கேட்டோம். "ராத்திரி தினமும் வாசிக்கிறான் சார். அதைக் கேட்டுக்கிட்டேதான் நான் தூங்குறேன்" என்றார்.

நேயர்களே, ஒரு தகப்பனின் உறக்கத்தைக் கெடுக்காமல் ஒரு பிள்ளையின் ஆசையை வளர்க்கிற வாத்தியம் எதுவோ, அதுவே நம் வீட்டுக்கு ஏற்ற வாத்தியம். தூக்கிப் பார்த்து, கேட்டுப் பார்த்து, உள்ளே விளக்கைக் காட்டிப் பார்த்து வாங்குவோம்.