எத்தனை வயது என்பதா, யார் பக்கம் என்பதா?

(மராட்டிய சட்டமன்றத் தேர்தலையொட்டி, புனே மாவட்டம் தளேகாவில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களிடையே 2024 நவம்பர் 10 அன்று ஆற்றிய உரையின் சுருக்கம்.)



இன்னும் பத்து நாட்களில், நவம்பர் 20 அன்று, வாக்குப்பதிவு நடைபெற இருக்கிறது. இந்த மாவட்டத்தில் எந்தத் தேநீர்க் கடையில் நின்றாலும் ஒரு கேள்வி காதில் விழுகிறது. வருகிற டிசம்பர் 12 அன்று 84 வயதை எட்டவிருக்கும் சரத் பவார் இன்னமும் அரசியலில் இருக்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வி எப்படி எழுந்தது என்பதை நினைவுபடுத்துவது அவசியம். 2023 ஜூலை 2 அன்று அஜித் பவார் தேசியவாத காங்கிரசைப் பிளந்து, ஷிண்டே - பாஜக அரசில் துணை முதல்வரானார். மூன்று நாட்கள் கழித்து மும்பை பாந்திராவில் நடந்த கூட்டத்தில், அதிகாரிகள் 60 வயதில் ஓய்வு பெறுகிறார்கள், பாஜகவில் 75 வயதில் ஒதுங்குகிறார்கள், நீங்கள் எப்போது நிறுத்தப் போகிறீர்கள் என்று தமது சிற்றப்பாவை நோக்கிக் கேட்டார்.

கட்சி உடைந்ததற்கு வயதா காரணம்? அதற்கு ஐந்து நாட்கள் முன்னர்தான், ஜூன் 27 அன்று, போபாலில் பேசிய பிரதமர் மோடி தேசியவாத காங்கிரசின் மீது ஏறத்தாழ 70,000 கோடி ரூபாய் ஊழல் குற்றச்சாட்டைச் சுமத்தினார். குற்றம் சாட்டப்பட்ட கட்சியின் ஒரு பகுதி அதே வாரத்தில் பாஜகவுடன் ஆட்சியில் அமர்ந்தது. வயதைப் பற்றிய பேச்சு இந்தச் சந்தர்ப்பவாதத்திற்குப் போர்த்தப்பட்ட போர்வையே ஆகும்.

எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட பாஜகவின் 75 வயது வரம்பின் கதை என்ன? அத்வானியையும் முரளி மனோகர் ஜோஷியையும் 2014இல் ‘வழிகாட்டும் குழு’ என்ற பெயரில் ஓரங்கட்டினார்கள். ஆனால் 2019இல் 76 வயது எடியூரப்பா கர்நாடக முதல்வராக்கப்பட்டார். 2021 கேரளத் தேர்தலில் 88 வயது ஸ்ரீதரன் வேட்பாளராக நிறுத்தப்பட்டார். மோடிக்கு அடுத்த ஆண்டு 75 நிறைவடைகிறதே என்று கேட்டால், கட்சியின் அமைப்பு விதிகளில் அப்படி எதுவுமே இல்லை என்று கடந்த மே மாதம் அமித் ஷா கூறிவிட்டார். வேண்டாதவருக்கு மட்டும் பொருந்துவது விதியாகுமா?

அப்படியானால் வயது ஒரு பொருட்டே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொறுப்பேற்கும் ஒருவரால் அந்தப் பணியைச் செய்ய இயலுமா என்று அறிய வாக்காளருக்கு முழு உரிமை உண்டு. கடந்த ஜூலையில் அமெரிக்காவில் 81 வயது ஜோ பைடன் போட்டியிலிருந்து விலக நேர்ந்ததும் இதனால்தான். நமது தோழர் ஜோதிபாசு 23 ஆண்டுகள் மேற்கு வங்க முதல்வராக இருந்து, 86 வயதில், உடல்நிலையை முன்னிட்டுத் தாமே விலகினார். அதே நேரத்தில், தோழர் வி.எஸ்.அச்சுதானந்தன் 82 வயதில்தான் கேரள முதல்வரானார். 2011 தேர்தலில் அவரது வயதை ராகுல் காந்தி சுட்டிக்காட்டியபோதும் அவர் தளரவில்லை. 92 வயதிலும் 2016இல் இடதுசாரிகளின் வெற்றிக்காகக் கேரளம் முழுவதும் பிரச்சாரம் செய்தார். ஆண்டுக் கணக்கு மட்டுமே ஒருவரின் ஆற்றலைத் தீர்மானிப்பதில்லை.

இளைய தலைமுறைக்கு வழிவிடுவது ஒரு கட்சியின் கடமை. 2022இல் கண்ணூரில் நடைபெற்ற நமது கட்சியின் 23ஆவது அகில இந்திய மாநாட்டில், மத்தியக் குழுவுக்கு 75 வயது வரம்பு நடைமுறைக்கு வந்தது. எஸ்.ராமச்சந்திரன் பிள்ளை, பிமன் பாசு, ஹன்னன் முல்லா போன்ற மூத்த தோழர்கள் பொறுப்புகளிலிருந்து விடைபெற்றனர். தோழர் பினராயி விஜயனுக்கு அளிக்கப்பட்ட விதிவிலக்கும் அனைவரும் அறிய வெளிப்படையாகவே அளிக்கப்பட்டது. முன்கூட்டியே வகுத்த விதிக்கும், பதவிக்காக ஒருநாள் கண்டுபிடிக்கப்பட்ட விதிக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

சரத் பவாரின் அரசியல் மீது நமக்கு விமர்சனம் உண்டு. 38 வயதுகூட நிறையாத நிலையில், 1978இல் வசந்ததாதா பாட்டீலின் அரசைக் கவிழ்த்தே அவர் முதல்வரானார். ஆகவே இளமை என்பதே கொள்கைக்கு உத்தரவாதம் ஆகாது. 2023 மே 2 அன்று கட்சித் தலைமையிலிருந்து விலகுவதாக அறிவித்தார். மூன்றே நாட்களில் அதைத் திரும்பப் பெற்றார். இன்று பாராமதியில் பெரியப்பாவும் தம்பி மகனும் மோதுகிறார்கள். ஒருவர் விலகினால் கட்சியே நிற்காது என்றால், குறை அவருடைய வயதில் இல்லை. கூட்டுத் தலைமையை வளர்க்காத குடும்ப அரசியலில் இருக்கிறது. 14 தேர்தல்களைக் கண்டுவிட்டேன், இனி போட்டியிடப் போவதில்லை என்று ஐந்து நாட்களுக்கு முன்னர் பாராமதியில் அவரே கூறிவிட்டார்.

தோழர்களே, வயதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும் என்றால் உழைப்பாளியின் வயதைப் பற்றிப் பேசுவோம். 2020 டிசம்பரில் இதே தளேகாவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தனர். நாற்பதைத் தாண்டியவர் வேறு ஆலையின் வாசலில் போய் நின்றால், வயதாகிவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள். வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில் 58 வயதில் கிடைக்கும் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. 60 வயது கடந்த ஏழை முதியவருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். அக்னிபாத் திட்டத்திலோ, சேர்பவர்களில் முக்கால் பங்கினர் நான்கே ஆண்டுகளில், இருபதுகளின் தொடக்கத்திலேயே, ஓய்வூதியமின்றி வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். இங்கே அமையவிருந்த வேதாந்தா - ஃபாக்ஸ்கான் ஆலை 2022 செப்டம்பரில் குஜராத்துக்குப் போனபோது, ஆட்சியாளர்களின் வயதை எவரும் கேட்கவில்லையே!

ஆகவே, உங்கள் வாசலுக்கு வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம் பிறந்த தேதியைக் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மூடிய ஆலையின் தொழிலாளிக்காக எங்கே குரல் கொடுத்தாய், ஒப்பந்தத் தொழிலாளியை நிரந்தரமாக்க என்ன செய்தாய், வாக்குக் கேட்ட அணியிலேயே ஐந்தாண்டுகளும் இருப்பாயா என்று கேளுங்கள். அதற்கு அவர் தரும் பதிலைக் கொண்டு நவம்பர் 20 அன்று வாக்களியுங்கள்.