இரண்டு சீட்டும் ஒரு பம்பும்
(ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மராமத்து என்றால் பிட்டர் கையிலுள்ள ஸ்பானர் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். எந்தச் சாமானைக் கழற்றினோம், திரும்பப் பூட்டினோமா என்ற சங்கதி அடுத்த ஷிப்டுக்குப் போய்ச் சேருவதும் மராமத்துத்தான்.

1988 ஜூலை 6. ஸ்காட்லாந்துக்கு அப்பால், வடகடலில் பைப்பர் ஆல்பா என்ற எண்ணெய் மேடை. பகல் ஷிப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பரிசோதனைக்காகக் கழற்றினார்கள். வேலை முடியவில்லை, குழாய் வாயில் தகட்டு மூடியை வைத்துவிட்டுப் போனார்கள். இரவில் மற்றொரு பம்பு நின்றுவிட்டது. இரவு ஷிப்டுக்காரர்கள் பர்மிட் சீட்டைப் பார்த்தார்கள். முதல் பம்பின் ஓவர்ஹால் சீட்டு இருந்தது. அந்த வேலை தொடங்கவே இல்லை என்பதும் தெரிந்தது. சரி, ஓட்டலாம் என்று ஓட்டினார்கள். வால்வுக்குத் தனிச் சீட்டு. அது அவர்கள் கண்ணில் படவே இல்லை! வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் மாண்டார்கள். விசாரணை நடத்திய கல்லன் பிரபு 1990இல் தந்த அறிக்கை, பர்மிட் முறையிலும் ஷிப்டு மாற்றத்திலும் இருந்த கோளாறுகளை எடுத்துக் காட்டியது.

கிராமத்துத் தோழர்களுக்கு இது புரியும். கிணற்று மோட்டாரைக் கழற்றிப் போட்டவன் ஒருவன், ஸ்விட்சைப் போடுகிறவன் வேறொருவன்.

இன்று இதற்கொரு விஞ்ஞான முறை வந்திருக்கிறது. ஆலை முழுவதையும் ஒரே மாதிரியாகக் கம்ப்யூட்டரில் எழுதி வைக்கிறார்கள். எந்த வால்வு எந்தப் பம்பைச் சேர்ந்தது, எது நின்றால் எது நிற்கும், எது எப்படிப் பழுதாகும் என்பதெல்லாம் அதில் பின்னிக் கிடக்கும். இப்படி எழுதுவதற்கென்றே ‘சிஸ்எம்எல்’ என்ற வரைபட மொழி 2007 முதல் இருக்கிறது. வால்வைக் கழற்றினோம் என்று ஓரிடத்தில் பதிந்தால், பம்பின் பக்கத்திலும் ‘ஓட்டாதே’ என்று எச்சரிக்கும்படி செய்யலாம். பேரிங்கின் அதிர்வையும் சூட்டையும் அளக்கும் கருவிகளையும் அதோடு இணைக்கலாம்.

நல்லதுதான். நாம் இதை எதிர்க்கவில்லை. ஆனால், எழுதியதுதானே மாதிரியில் இருக்கும்? பத்து வருஷத்துக்கு முன் பிட்டர் குழாயை மாற்றிப் போட்டது வரைபடத்தில் ஏறியிருக்காது. குளுகுளு அறையில் உட்கார்ந்து எழுதினால், மாதிரியில் ஒரு பம்பு ஓடும், ஆலையில் வேறொரு பம்பு ஓடும்!

ஆகவே பிட்டரும் எண்ணெய் போடுகிறவரும் கூட உட்கார்ந்துதான் அது எழுதப்பட வேண்டும். தப்பைத் திருத்தச் சொல்லும் உரிமை வேண்டும். யந்திரத்தை அளக்க வந்த கருவி, தொழிலாளி மூத்திரத்துக்குப் போன நிமிஷத்தை அளக்கக் கூடாது. கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று, ஷிப்டு மாறும்போது நேருக்கு நேர் சொல்லிவிட்டுப் போகும் நேரத்தையும் வெட்டக் கூடாது.

கூட்டம் முடிந்ததும் ரிங் பிரேம், புளோரூம் பிட்டர்கள் சற்று இருங்கள். வரைபடத்தில் இல்லாத மாற்றங்களை இன்றைக்கே எழுதத் தொடங்குவோம்.