தலைக்கு மேலே பாறை

நான் அரியலூர்க்காரன். எங்க பக்கம் இப்போ கடல் இல்லை, பல கோடி வருஷம் முன்னாடி இருந்தது. பெரம்பலூர் காரையில அந்தக் கடல் உயிர்களோட புதைபடிவங்கள் இன்னும் கிடைக்குது. அரியலூர்ல சிமெண்டுக்கு வெட்டுற சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுப்போனதுதான். உலகத்துல தண்ணி நிறைஞ்ச பெரிய குகைகள் பெரும்பாலும் இந்த மாதிரி சுண்ணாம்புக்கல்லுலதான் இருக்கு.

புதுச்சேரியில ஸ்கூபா கத்துக்கிட்டப்போ, ஒருநாள் என் ரெகுலேட்டர் நிக்காம காத்தைக் கொட்டிச்சு. கூட வந்தவரோட மாற்று ரெகுலேட்டர்ல மூச்சுவிட்டு மெதுவா மேலே வந்துட்டேன். குகைக்குள்ள மேலே வர வழியில்லை; தலைக்கு மேலே பாறை.

அதனால அங்கே ரெண்டு சிலிண்டர், தனித்தனி ரெகுலேட்டர். ஒண்ணு பழுதானா அதோட வால்வை மூடிட்டு, அடுத்ததுக்கு மாறி, வழிக்கயிறைப் பிடிச்சு வெளியேறணும். காத்துக்கும் கணக்கு உண்டு. மூணுல ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு அவசரத்துக்கு. 180 பார்ல ஆரம்பிச்சா, 120 ஆனதும் திரும்பணும். அந்த மூணாவது பங்கு, காத்து தீர்ந்த கூட்டாளியோட உயிரா இருக்கலாம்.

2018 ஜூலை 6. தாய்லாந்து தாம் லுவாங் குகையில சிக்கின 13 பேருக்காக சிலிண்டர்களை வச்சுட்டுத் திரும்பின முன்னாள் கடற்படை வீரர் சமான் குனான் இறந்துபோனார். அந்த 13 பேரும் உயிரோட வந்தாங்க.

தண்ணி நிறைஞ்ச பழைய சுரங்கக் குழியில குதிக்கிற எங்க ஊர்த் தம்பிகளுக்கும் இதைத்தான் சொல்றேன்: இறங்குறதுக்கு முன்னாடி, ஏறுற வழியைப் பாரு.