மாணவரை வளர்ப்பது தேர்வா? ஆய்வேடா? – ஆய்வேடே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் கேள்வித்தாளும் கையுமாக உட்கார்ந்திருக்கும் நண்பர்களே!

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். "ஆய்வேடாவது ஒண்ணாவது! எல்லாம் ஜெராக்ஸ் கடையில பைண்டிங் போட்டு வாங்குறது. போன வருஷப் பையன் பேரை எடுத்துட்டு இவன் பேரைப் போட்டுக்கிறான்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். உண்மைதான் ஐயா, மறுக்கவில்லை. ஏனென்றால் அந்த யோசனையைச் சொல்லிக் கொடுத்த தகப்பன்மாரில் நானும் ஒருவன்! (சிரிப்பு)

என் மகள் அரசியல் அறிவியல் இளங்கலை, கடைசி வருஷம். ஆய்வேடு எழுத வேண்டும். "என்னம்மா தலைப்பு?" என்றேன். "கிராம சபைப்பா" என்றாள்.

"ரொம்ப சுலபம்மா! நாலு புத்தகத்தைப் புரட்டு. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம். 1992இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற அத்தனை பேரும் கிராம சபை உறுப்பினர்கள். அறுபது பக்கம் தானா வந்துடும். பைண்டிங் செலவு என்னுது" என்றேன். முனைவர் பட்டம் வாங்கின மனுஷன் பேசுற பேச்சா இது?

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, உங்களுக்கு வேலைதான் டவுன்ல. வீடும் ஓட்டும் நம்ம ஊர்லதானே? அப்ப நீங்களும் உறுப்பினர். இதுவரைக்கும் எத்தனை கூட்டத்துக்குப் போயிருக்கீங்க?"

(சிரிப்பு)

சிரிக்காதீங்க. இங்கே உட்கார்ந்திருக்கிறவங்க எத்தனை பேர் போயிருக்கீங்க? கை தூக்குங்க பார்ப்போம்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அக்டோபர் 2 அன்று ஒரு நோட்டோடு அவள் போனாள். சாயந்தரம் வந்து சொன்னாள். "தீர்மானம் வாசிச்சாங்கப்பா, எல்லாரும் கை தூக்கினாங்க. பொம்பளைங்க எல்லாம் கடைசி வரிசை. வாய் திறந்தவங்க ஒரு கை விரலுக்குள்ள. ஒரு பாட்டி மட்டும் எழுந்து, 'தெருக்குழாயில பத்து நாளா தண்ணி வரலை'ன்னு சொல்லிச்சு. 'பார்க்கலாம் பாட்டி'ன்னாங்க. கூட்டம் முடிஞ்சதும் நான் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டுப் பார்த்தேன். பாட்டி சொன்னது அதுல இல்லப்பா."

நடுவர் அவர்களே! அந்த இடத்தில்தான் ஆய்வேடு பிறந்தது. சபையில் பேசியது எது? புத்தகத்தில் ஏறியது எது? நவம்பர் 1, ஜனவரி 26 என்று அடுத்தடுத்த கூட்டங்களுக்கும் போனாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இந்தக் கேள்வியை எந்தக் கேள்வித்தாளில் ஐயா கேட்பீர்கள்? "கிராம சபையின் அதிகாரங்களை விவரி, 10 மதிப்பெண்" என்றுதானே கேட்பீர்கள்!

"சரி, இதுக்கு மார்க் வருமா?" என்று எதிரணியில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. மார்க் கதை ஒன்று சொல்கிறேன்.

1982. அமெரிக்காவில், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம். கிரெகரி வாட்சன் என்று ஒரு மாணவர். அரசியல் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். நூலகத்தைக் குடைந்தபோது ஒரு பழைய சங்கதி அகப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே மாற்றிக்கொண்டால், நடுவில் ஒரு தேர்தல் வந்து போன பிறகே அந்த மாற்றம் செல்ல வேண்டும் என்று ஜேம்ஸ் மேடிசன் கொண்டுவந்த திருத்தம். 1789இல் அதை மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். போதுமான மாநிலங்கள் ஒப்பவில்லை, அப்படியே கிடந்தது. ஆனால் கெடு எதுவும் வைக்கவில்லை. கெடு இல்லையென்றால் அது இன்னும் உயிரோடுதானே இருக்கிறது என்று எழுதினார் இந்தப் பிள்ளை.

கிடைத்த மார்க் என்ன தெரியுமா? 'சி'! மேல்முறையீடு செய்தார். அப்போதும் அதே 'சி'தான்.

நம்ம பிள்ளையாயிருந்தா என்ன செய்யும்? விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டும். (சிரிப்பு) அவர் தபால்தலை வாங்கினார். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் மேல் கடிதம். 1983இல் மெய்ன் மாநிலம் ஒப்பியது. 1984இல் கொலராடோ. ஒவ்வொன்றாக வந்து, 50இல் 38 தேவை என்ற கணக்கு 1992 மே 7 அன்று நிறைந்தது. 202 வருஷம் தூங்கிக் கிடந்தது, 27ஆவது திருத்தமாக எழுந்து உட்கார்ந்தது!

பல்கலைக்கழகம் 'சி'யை 'ஏ' ஆக்கியது 2017இல். மார்க் வந்து சேர 35 வருஷம். அவர் மார்க்குக்காகக் காத்திருந்தால் அந்தத் திருத்தம் இன்னும் அலமாரியில்தான் ஐயா இருக்கும்! (கைதட்டல்)

நமது 73ஆவது திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1992. அவர்கள் திருத்தத்தை எழுப்ப ஒரு மாணவர் வந்தார். நம்முடையது புத்தகத்தில் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஊரில் விழித்திருக்கிறதா என்று பார்க்க மாணவர்கள் வேண்டாமா?

என் மகளுக்கு மார்க் சுமார்தான், மறைக்கவில்லை. ஆனால் அடுத்த ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு நானும் போனேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. அந்தப் பாட்டி எழுந்தார். குழாய் விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு உட்காரவில்லை. "எழுதிக்கிட்டியா தம்பி? எழுதினதைப் படிச்சுக் காட்டு" என்றார். எழுதுகிறவர் பேனா மூடியைத் திறந்தார்.

என் மகள் அவரிடம் போய்க் கேள்வி கேட்டிராவிட்டால், தான் சொன்னது ஏடேறவில்லை என்பதே அந்தப் பாட்டிக்குத் தெரிந்திருக்காது. தேர்வு எழுதிய தாளைக் கட்டிப் பரணில் போடுவார்கள். இந்த ஆய்வேடு ஒரு கிழவியை நிமிர்ந்து நிற்க வைத்தது. தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் அவர்களே.

(பலத்த கைதட்டல்)