காத்திருந்து வாங்க முடியாத இயந்திரம்

'குவாண்டம் கணினியில் இன்றைக்கே பணம் போடுவது முதலீடா, விரயமா?' என்பது இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு. முதலீடே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கணக்கோடு வந்தார். இந்தத் தொழிலில் முன்வரிசையில் நிற்கும் அமெரிக்காவின் அயான்கியூ நிறுவனத்துக்கு 2024ஆம் ஆண்டு முழுக்க வந்த வருமானம் சுமார் 4.3 கோடி டாலர்தான், சந்தையில் அதன் மதிப்போ பல நூறு கோடி டாலர் என்றார். கணக்கு சரி. அந்தப் பங்கு விலைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஓய்வூதியப் பணத்தை எடுத்து அதில் போடச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரை நானே எதிர்ப்பேன். ஆனால் பங்கின் விலை வேறு, தொழிலின் பயன் வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளுபடி செய்யக் கூடாது.

அடுத்துப் பேசிய அம்மையார் என்விடியா நிறுவனத் தலைவர் ஜென்சன் ஹுவாங்கைத் துணைக்கு அழைத்தார். பயனுள்ள குவாண்டம் கணினிக்கு இன்னும் 20 ஆண்டு ஆகலாம் என்று 2025 ஜனவரியில் அவர் சொன்னதும், குவாண்டம் நிறுவனப் பங்குகள் ஒரே நாளில் ஏறத்தாழ 40 சதவீதம் சரிந்தது உண்மை. அதே ஆண்டு மார்ச்சில் நடந்ததையும் அம்மையார் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பாஸ்டனில் குவாண்டம் ஆராய்ச்சி மையம் அமைக்கப்போவதாக அறிவித்தது அதே என்விடியாதான். 20 ஆண்டு ஆகும் என்று சொன்னவரே இன்றைக்குத் தொடங்குகிறார். அதற்கான காரணத்தைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

இன்றுவரை இந்தக் கணினி உருப்படியாக என்ன செய்தது என்று கேட்கிறார்கள். சாதாரணக் கணினியை விட மலிவாக, வேகமாக, வணிகத்துக்குப் பயன்படும் ஒரு வேலையை அது இன்னும் செய்துவிடவில்லை. ஒப்புக்கொள்கிறேன். தடையாக இருந்தது பிழை. குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட் என்பது தொட்டால் கலையும் பொருள். சிறிது வெப்பம், சிறிது மின்காந்த இரைச்சல் போதும், கணக்கு கெட்டுவிடும். பல கியூபிட்டுகளைச் சேர்த்து ஒரே ஒரு நம்பகமான கியூபிட்டாக ஆக்கலாம் என்று பீட்டர் ஷோர் 1995இல் வழி சொன்னார். நடைமுறையிலோ சேர்க்கச் சேர்க்கப் பிழையும் சேர்ந்தது. 2024 டிசம்பரில் கூகுள் தன் 105 கியூபிட் வில்லோ சிப்பைக் காட்டியது. மூன்றுக்கு மூன்று, ஐந்துக்கு ஐந்து, ஏழுக்கு ஏழு என்று அடுக்கைப் பெரிதாக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் பிழை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தாளில் எழுதியது கருவியில் நடக்க 29 ஆண்டு! இடையில் ஏதோ ஓர் ஆண்டு, "லாபம் எங்கே?" என்று கேட்டு ஆய்வகத்தைப் பூட்டியிருந்தால் அந்தப் படியை ஏறியிருக்க முடியாது.

பழைய உதாரணம் ஒன்று சொல்கிறேன். டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. விலை அதிகம், தரம் ஒரே சீராக இல்லை. அதை முதலில் வாங்கிக் கடைக்குக் கொண்டுவந்தவர்கள் காது கேட்கும் கருவி செய்தவர்கள். அது 1952 கடைசியில். ரேடியோ அதற்குப் பிறகுதான். அந்தச் சின்னச் சந்தைக்காகச் செய்து செய்துதான் ஆலைகள் கைப்பழக்கம் பெற்றன.

அந்தக் கைப்பழக்கம்தான் என் வாதத்தின் மையம். ஐபிஎம், கூகுள் கணினிகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பொன்முலாம் பூசிய தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும், நடுவே மெல்லிய கேபிள்கள் நூற்றுக்கணக்கில் இறங்கும். கணினி என்று நாம் நினைக்கும் அது உண்மையில் குளிர்பதனக் கருவி. சிப் அடித்தட்டில் சிறியதாக இருக்கிறது. கீழே போகப் போகக் குளிர் கூடி, அடித்தட்டில் தனிச்சுழி வெப்பநிலைக்கு நூறில் ஒரு டிகிரி அளவே மேலே நிற்கும். விண்வெளியின் குளிர்கூட இதற்கு ஈடில்லை. ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையை ஓடவிட்டுத்தான் அதைச் சாதிக்கிறார்கள். இந்தக் கருவிகளைச் செய்து உலகுக்கே விற்கிறது பின்லாந்தின் புளூஃபோர்ஸ். கணினி லாபம் காட்டும் நாளுக்கு அந்த நிறுவனம் காத்திருக்கவில்லை. குளிர்பதனம், கேபிள், லேசர், கட்டுப்பாட்டு மின்னணு என எல்லாவற்றுக்கும் இன்றைக்கே வாங்குவோர் இருக்கிறார்கள்.

தகவல் பாதுகாப்புச் செலவையும் எதிரணி மறந்துவிட்டது. இன்றைய மறைக்குறியீட்டை உடைக்கும் கணினி நாளைக்கு வரட்டும். பூட்டிய கோப்பை இன்றைக்கே திருடி வைத்துக்கொண்டு அதுவரை ஒருவர் காத்திருக்கலாம் அல்லவா? அதனால்தான் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் மூன்று புதிய தரங்களை 2024 ஆகஸ்டிலேயே வெளியிட்டது. வங்கிகளும் அரசுத் துறைகளும் அந்தத் தரங்களுக்கு மாறியாக வேண்டும்.

இந்தியா 2023இல் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு எட்டு ஆண்டுக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் குவாண்டம் தகவல்தொடர்பு மையம் சென்னை ஐஐடியிடம் இருக்கிறது. "எதற்கு அவசரம்? மற்றவர் செய்து முடிக்கட்டும், பிறகு வாங்கிக்கொள்வோம்" என்கிறார்கள். இப்படி வாங்கப் போன அனுபவம் நமக்கு உண்டு. ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பத்தை ரஷ்யாவிடம் வாங்க 1991இல் ஒப்பந்தம் போட்டோம். அமெரிக்கா நெருக்கியது. 1993இல் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர மறுத்து, எஞ்சினை மட்டும் தந்தது. பிறகு நாமே செய்து, திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில் திரும்பத் திரும்பச் சோதித்து, 2010இல் ஒரு தோல்வியையும் தாங்கி, நம் எஞ்சின் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில்.

குவாண்டத்தில் கதவை ஏற்கெனவே சாத்தத் தொடங்கிவிட்டார்கள். 2024 செப்டம்பரில் அமெரிக்கா குவாண்டம் கணினிகளை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. சற்றுமுன் சொன்ன குளிர்பதனக் கருவி வகையும் அந்தப் பட்டியலில் உண்டு. காத்திருப்போம் என்ற எதிரணி நண்பர்கள், 20 ஆண்டு கழித்து யாரிடம், எந்த நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்டு வாங்குவோம் என்பதை இந்த மேடையிலேயே சொல்லட்டும். அந்தப் பதிலைக் கேட்டபின் நடுவர் தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.