ஒளிமீது ஏற்றும் செய்தி

பெருநகர் போன்ற ஊர்களிலிருந்து உத்திரமேரூர் சென்றுவரும் மாணவர்கள், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் குடவோலைக் கல்வெட்டுகளைக் கண்டிருக்கக்கூடும். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். அந்தக் குடத்தையும் ஓலையையும் சற்றே கடன் வாங்கிக்கொள்கிறேன். விண்கலம் ஒளியால் செய்தி அனுப்பும் வகையை விளக்க அவை போதும்.

ஒளிமீது செய்தியை ஏற்றுவதைப் பண்பேற்றம் என்பர். காட்டுதலும் மறைத்தலுமே அதன் பழைய வழி. பாரசீக வளைகுடாத் தந்தித் துறையில் பணிபுரிந்த ஹென்றி மான்ஸ் 1869இல் அமைத்த ஹீலியோகிராப், கதிரவன் ஒளியைக் கண்ணாடியாற் சிமிட்டி மார்ஸ் குறிகளை அனுப்பியது. லேசரிலும் இம்முறை உண்டு. ஒளி வந்தால் 1, வாராவிடில் 0. ஆயின் விண்ணிலிருந்து இறங்கும் கதிர், காற்று மண்டலத்தைக் கடக்கையில் விண்மீனைப் போல மினுக்குகிறது. எவ்வளவு ஒளியை 'உண்டு' எனக் கொள்வது? அளவுகோலே ஆடுகிறது. தொலைவு மிகுந்தாலோ, வந்து சேரும் ஒளித்துகள்களே மிகச் சில.

இப்போது 16 குடங்களை வரிசையாக வையுங்கள். எழுத்தே இல்லாத ஓர் ஓலையை அவற்றுள் ஒன்றில் இடுங்கள். எந்தக் குடம் என்பதே செய்தி. நான்கு இரும இலக்கங்கள் 16 வகையாக அமையுமாதலால், வெற்றோலை ஒன்றே நான்கு இலக்கங்களைச் சுமக்கிறது. குடத்துக்குப் பதிலாக நுண்ணிய காலக்கூறு, ஓலைக்குப் பதிலாக ஓர் ஒளித்துடிப்பு என்று கொண்டால், அதுவே துடிப்பிடப் பண்பேற்றம். ஒளி எவ்வளவு என்று கேளாமல், எப்போது வந்தது என்று கேட்கிறோம். காற்றின் மினுக்கம் மாறுவதற்குள் 16 கூறுகளும் கடந்துவிடும். மங்கினால் எல்லாம் ஒருசேர மங்கும். மிகுந்தது எது என்று ஒப்பிட்டால் போதும்.

2013 அக்டோபரில், நிலவைச் சுற்றிய லாடீ என்னும் அமெரிக்க விண்கலம் அரை வாட் லேசரைக் கொண்டு இம்முறையில் நியூ மெக்சிகோ நிலையத்துக்கு நொடிக்கு 62.2 கோடி இலக்கங்களை அனுப்பியது. ஒரு நொடியை ஏறத்தாழ 500 கோடிக் கூறுகளாக வகுத்தார்கள்! 2023 டிசம்பரில் சைக்கி விண்கலம் 3.1 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நொடிக்கு 26.7 கோடி இலக்கங்களை அனுப்பியது. அதில் வந்தது ஒரு பூனையின் விளையாட்டுப் படம். அறிஞர்களுக்கும் நகைச்சுவை உண்டு போலும்.

இம்முறைக்கு விலை காலமே. 16 கூறுகளில் 15 வெறுமையாகக் கழிகின்றன. அருகிலுள்ள, ஒளி மிகுதியாகக் கிட்டும் கலங்களுக்கு இது வீண் செலவு. 2008இல் டெராசார்-எக்ஸ், என்ஃபயர் என்னும் இரு செயற்கைக்கோள்கள், ஒளியலையின் நிலையையே மாற்றும் முறையால் தம்முள் நொடிக்கு 560 கோடி இலக்கங்களைப் பரிமாறின. இடையே காற்றில்லாத வெளியில் அது எளிது. தரைக்கு இறங்கும்போது குலைந்த அலையை முதலிற் சீர்செய்ய வேண்டும்.

மேகத்தின் முன்போ எம்முறையும் செல்லாது. ஐப்பசி, கார்த்திகையில் நம் காஞ்சிபுர வானம் மூடிக்கிடக்கையில், கதிரை மேகமற்ற வேறொரு நிலையத்துக்குத் திருப்ப வேண்டும். இல்லையேல் வானம் வெளுக்கும்வரை செய்தியைக் கலத்திலேயே சேர்த்துவைக்க வேண்டும். அவசரமாயின், பழைய வானொலி அலையே துணை.