முத்துக்கு வந்தவனும் தேயிலைக்கு வந்தவனும்
(மணிமுத்தாறு கூட்டத்தில் ஆற்றிய உரை)

வெள்ளைக்காரன் ஏன் கடல் கடந்து வந்தான்? புது உலகம் காண வந்தான், வேதம் பரப்ப வந்தான், நாகரிகம் கற்பிக்க வந்தான் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். மாலுமிகள் துணிச்சல்காரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கப்பலுக்குப் பணம் போட்டவன் எதற்காகப் போட்டான் என்று நாம் கேட்க வேண்டாமா?

1498-ல் வாஸ்கோ ட காமா மிளகு தேடிக் கள்ளிக்கோட்டைக்கு வந்தான். அடுத்த நூற்றாண்டில் போர்த்துகீசியர் நம் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்கு வந்தார்கள். அங்கே முத்து கிடைத்தது. 1658-ல் டச்சுக்காரன் தூத்துக்குடியைப் பிடித்தான். இவனுடைய சபை வேறு. கண் வைத்தது அதே முத்தின் மீதுதான்!

முகத்துவாரத்தைப் பார்த்தோம்; இனி மலையைப் பார்ப்போம். நம் அணைக்கு மேலே மாஞ்சோலையில் தேயிலை போட்டது பம்பாய் பர்மா கம்பெனி. ஸ்காட்லாந்து வாலஸ் சகோதரர்கள் 1863-ல் தொடங்கியது. பர்மாவில் தேக்கு வெட்டி லாபம் குவித்தது. கணக்குக்கு மேல் மரம் எடுத்ததாக 1885-ல் மன்னர் தீபாவின் அரசு பெரும் அபராதம் விதித்தது. பிரெஞ்சுக்காரன் பர்மாவில் முந்திக்கொள்வானோ என்ற பயம் பிரிட்டிஷாருக்கு ஏற்கெனவே உண்டு. அபராதம் சாக்காயிற்று. நவம்பரில் படை புகுந்தது; சுமார் இரண்டே வாரத்தில் மாந்தளை வீழ்ந்தது. நாடு கடத்தப்பட்ட மன்னர் 1916-ல் ரத்னகிரியில் மாண்டார்.

அதே கம்பெனி 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 8,373 ஏக்கர் காட்டை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. இங்கே பீரங்கி தேவைப்படவில்லை. ஜமீன்தார் கையெழுத்தே போதுமாயிருந்தது. கடலைக் கண்டால் முத்து, காட்டைக் கண்டால் மரம், மனிதனைக் கண்டால் கூலி: இதுதான் அவர்கள் பார்வை!

வெள்ளைக்காரன் போனான். ஜமீனும் ஒழிந்தது. கம்பெனி இந்திய முதலாளிகள் கைக்கு வந்தது. பார்வை மாறியதா? 1999 ஜூலை 23 அன்று இத்தோட்டத் தொழிலாளருக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். 2024-ல் கம்பெனி தோட்ட வேலையை நிறுத்தி, விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளரை மலையிறங்கச் சொன்னது.

2028-ல் குத்தகை முடிகிறது. காடு அரசிடம் திரும்பட்டும், அது நியாயமே. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் எங்கே திரும்புவார்கள்? வீடும் நிலமும் வேலையும் அவர்கள் உரிமை. அதைப் பெற்றுத் தரும்வரை ஏகாதிபத்தியக் கணக்கு நம் மலையில் தீரவில்லை, தோழர்களே!